நிலவேம்புக் குவளையில் எத்தனை மில்லிகிராம்?

மழைக்காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு பக்கம் காய்ச்சல் முகாம் போட்டால் இரண்டு வரிசை நிற்கும். ஒன்று ரத்தப் பரிசோதனைக்கு, இன்னொன்று அண்டாவுக்கு. முதல் வரிசையில் குழந்தைகள் அழும். இரண்டாவது வரிசையில் பெரியவர்களே முகத்தைச் சுளிப்பார்கள். அண்டாவிலிருந்து கரண்டியில் மொண்டு பேப்பர் கப்பில் ஊற்றித் தருவது நிலவேம்புக் குடிநீர். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். முதலில் மூக்குக்கு எட்டுவது வெட்டிவேரும் சந்தனமும்தான். அந்த வாசனையை நம்பி ஒரு மடக்கு குடித்தவர் அடுத்த மடக்குக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

தமிழ்நாட்டில் இத்தனை பேர் இவ்வளவு நம்பிக்கையோடும், இவ்வளவு சந்தேகத்தோடும் குடித்த பச்சிலை வேறு இருக்காது. டெங்குவை விரட்டும் என்பார்கள். பிளேட்லெட்டை ஏற்றும் என்பார்கள். ஆண்மையைப் போக்கிவிடும் என்றும் வாட்ஸ்அப்பில் வரும். மூன்றையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஃபார்வர்டு செய்திருப்பார். ஆனால் அந்தக் குவளைக்குள் உண்மையில் எவ்வளவு நிலவேம்பு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் புகழ்ச்சியிலும் பாதி குறைந்திருக்கும், பயத்திலும் பாதி குறைந்திருக்கும்.

செடியைப் பார்த்தால் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிற ஆளாகவே தெரியாது. முழங்கால் உயரம். நான்கு பட்டையான தண்டு, எதிரெதிராக அமைந்த குறுகலான கரும்பச்சை இலைகள், ஊதாக் கோடு விழுந்த சின்ன வெள்ளைப் பூக்கள். வரப்போரத்திலும் மர நிழலிலும் தானாக முளைக்கும். சிறியாநங்கை என்று வீட்டு வாசலில் தொட்டியில் வளர்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் நேலவேமு. ஆயுர்வேதத்தில் காலமேகம், பூநிம்பம். தாவரவியலில் ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா. பெயரில் வேம்பு இருந்தாலும் வேப்ப மரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது ஆடாதோடையின் குடும்பம்.

கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராபோலைடு என்கிற வேதிப்பொருள். 1911-இல் கோர்ட்டர் என்ற டச்சு வேதியியலாளர் அதைத் தனியே பிரித்தெடுத்தார். தண்டைவிட இலையில் அதிகம். பூக்கும் பருவத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். இந்தக் கதையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அது தண்ணீரில் சரியாகக் கரையாது.

நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பது சரக்கும் சம எடையில். நைஸாக அரைக்கக் கூடாது. ஒன்றிரண்டாக இடித்த சூரணமாக இருக்க வேண்டும். சுமார் ஐந்து கிராம் சூரணத்தை ஒரு டம்ளர் தண்ணீரில், அதாவது இருநூறு மில்லிக்குச் சற்றுக் கூட, போட்டு அது கால் பங்காக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டுவது முறை. சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். நேற்றுக் காய்ச்சியதை இன்று சூடு பண்ணிக் குடிப்பது சித்த மருத்துவர்கள் யாரும் சொல்லாத முறை. வீட்டில் அதிகம் நடப்பது அதுதான்.

சரி, கணக்குப் போடுவோம். ஐந்து கிராமில் ஒன்பதில் ஒரு பங்கு என்றால் அரை கிராமைவிடக் கொஞ்சம் அதிகம். முழுச் செடியில் ஆண்ட்ரோகிராபோலைடு நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ என்று வைத்துக்கொண்டால் ஐந்திலிருந்து பத்து மில்லிகிராம். அதிலும் தண்ணீரில் இறங்குவது ஒரு பகுதிதான். ஆக, ஒரு வேளைக் குடிநீரில் சில மில்லிகிராம். தாய்லாந்தில் கொரோனா காலத்தில் லேசான தொற்றுக்கு இதே செடியிலிருந்து கொடுத்த அளவு, ஆண்ட்ரோகிராபோலைடாகக் கணக்கிட்டு நாளொன்றுக்கு 180 மில்லிகிராம், ஐந்து நாள். நம் அண்டாவுக்கும் அவர்கள் மாத்திரைக்கும் நடுவே பல மடங்கு இடைவெளி.

இந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாமல்தான் இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

அண்டா தெருவுக்கு வந்த கதை கொஞ்சம் பழசு. 2006-இல் சிக்குன்குனியா வந்து ஊர் ஊராக மூட்டைப் பிடித்து முடக்கியபோதே சித்த மருத்துவர்கள் இதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 2012-இல் டெங்குக் கணக்கில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதல் இடம்: 12,826 பேருக்குத் தொற்று, 66 சாவு. அப்போது ஜெயலலிதா அரசு நிலவேம்புக் குடிநீரை அரசு மருத்துவமனைகள் வழியாக எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னது. கூடவே பப்பாளி இலைச் சாறும் மலைவேம்புச் சாறும் பேசப்பட்டன. அரசு மருந்து நிறுவனமான டாம்ப்கால், ஆலத்தூர்த் தொழிற்சாலையில் சூரணப் பாக்கெட்டாக அடித்துத் தள்ளியது. பிறகு கட்சிக்காரர்கள், ரசிகர் மன்றங்கள், பள்ளிக்கூடங்கள், கோயில் வாசல்கள் என்று எல்லா இடத்திலும் அண்டா ஏறியது. தண்ணீர்ப் பந்தல் மாதிரி நிலவேம்புப் பந்தல்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் சொந்தக் காயம் ஒன்று உண்டு. 2016 ஆகஸ்டில் திருவாலங்காடு ஒன்றியத்துக் காவேரிராஜபுரத்தில் குழந்தைகள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் இறந்தார்கள். பத்திரிகைகள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதின. மருத்துவக் குழுக்கள் வந்து ஊரிலேயே உட்கார்ந்தன. அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு உடம்பு கொதித்தால் வீட்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. ஏதாவது கொடுத்தாக வேண்டும். கைக்கு எட்டுவது நிலவேம்பு.

2017-இல் டெங்கு மறுபடி வந்தது, இன்னும் பெரிதாக: தமிழ்நாட்டில் 23,294 பேர், 65 சாவு. அந்த அக்டோபரில்தான் கமல்ஹாசன் ட்விட்டரில், சரியான ஆய்வு முடிவு வரும்வரை நிலவேம்புக் குடிநீரை விநியோகிக்க வேண்டாம் என்று தன் நற்பணி இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான், தீப்பிடித்தது. தமிழர் மருத்துவத்தை இழிவு செய்கிறார் என்று ஒரு பக்கம், அறிவியல் பேசினால் அடிக்க வருகிறார்களே என்று மறுபக்கம். போலீசில் புகார் போனது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை ஏறியது. ஒரு கஷாயத்துக்காக.

அந்த நேரத்தில் சுற்றிய மலட்டுத்தன்மை வதந்திக்கு ஒரு மூலம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அந்த மூலமும் வெளிநாட்டுச் சதி இல்லை. நம் திருச்சியிலிருந்து வந்தது. அக்பர்ஷா என்ற விலங்கியல் ஆய்வாளரும் அவர் சகாக்களும் ஆண் வெள்ளெலிகளுக்கு நிலவேம்பு இலைப்பொடியை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 60 நாள் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு உற்பத்தி குறைந்தது. 1990-இல் கட்டுரை வெளிவந்தது. 2000-இல் ஆண்ட்ரோகிராபோலைடை மட்டும் தனியாகக் கொடுத்து அதே வழியில் இன்னொரு ஆய்வையும் வெளியிட்டார்கள். இரண்டுமே முறையான ஆய்வுகள். ஒதுக்கித் தள்ளக்கூடியவை இல்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். எலி இருநூறு கிராம் என்றால் அதன் எடைக்கு 20 மில்லிகிராம் என்பது, எடைக்கு எடை நேராகப் பெருக்கினால், அறுபது கிலோ ஆளுக்குத் தினம் ஆறு கிராம் இலைப்பொடி. எலியையும் மனிதனையும் அப்படி நேராகப் பெருக்குவது மருந்தியலில் சரியான கணக்கு இல்லை. உடல் பரப்பை வைத்துச் சுருக்கினால் ஒரு கிராமை ஒட்டி வரும். அப்படியே வைத்துக்கொண்டாலும் குடிநீரில் இருப்பது அரை கிராம் செடி. பொடியாக விழுங்குவது இல்லை, காய்ச்சி வடிகட்டிய தண்ணீர். அறுபது நாள் இல்லை, மூன்று நாளோ ஐந்து நாளோ.

திருச்சியின் முதல் கட்டுரைக்கு அப்புறம், 1997-இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராம் வரை உலர்சாற்றை அறுபது நாள் கொடுத்து, விந்தகத்தில் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதினார்கள். 2005-இல் மனிதர்களிலேயே பார்த்தார்கள். நிலவேம்புச் சாறு கலந்த ‘கான் ஜாங்’ என்ற தயாரிப்பை ஆரோக்கியமான 14 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் விந்துவின் தரம் கெடவில்லை. பதினான்கு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் வாட்ஸ்அப் மிரட்டலுக்கு இது போதுமான பதில். ஐந்து நாள் காய்ச்சலுக்குக் குடித்த குடிநீரால் வம்சம் அற்றுப்போகும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மாசக்கணக்கில், பொடியாக, வெறும் வயிற்றில் விழுங்குகிறவர் கதை வேறு.

அப்படி விழுங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இந்தப் பக்கத்து நாட்டுமருந்துக் கடையில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது:

“அண்ணே, நிலவேம்பு அரைக் கிலோ குடுங்க.”

“எதுக்கும்மா அவ்ளோ? வூட்ல எத்தினி பேரு?”

“நாலு பேருண்ணே. தெனம் காலைல வெறும் வயித்துல குடிக்கிறோம், ரத்தம் சுத்தமாவும்னு.”

“அது ஜுரத்துக்கும்மா. தெனம் குடிக்க அது இன்னா காபியா?”

இரண்டே வாக்கியத்தில் முடிந்துபோகிற இந்தக் கடைக்காரர் அறிவுரை, யூடியூபில் இருபது நிமிடம் பேசுகிற பல ‘இயற்கை’ ஆசான்களிடம் கிடைக்காது.

இனி அது செய்வதாகச் சொல்லப்படும் நல்லதைப் பார்ப்போம். சளி, இருமல், தொண்டைவலி விஷயத்தில் நிலவேம்புக்கு ஓரளவு பலமான சாட்சி இருக்கிறது. 2017-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 33 சோதனைகளையும் அவற்றில் கலந்துகொண்ட 7,175 பேரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. இருமலும் தொண்டைவலியும் சீக்கிரம் தணிவதாகத் தெரிகிறது, பெரிய ஆபத்தும் இல்லை என்றது. கூடவே, பல சோதனைகள் நடத்தப்பட்ட விதம் சுமார்தான், அதனால் அடித்துச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தப் பின்பாதியை நம்மூர் விளம்பரங்கள் எடுத்துப் போடுவதில்லை.

டெங்கு, சிக்குன்குனியாவுக்கு வருவோம். டெல்லியில் உள்ள சர்வதேச மரபணுப் பொறியியல் மையத்தின் ஆய்வாளர்கள் சித்த மருத்துவ ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து நிலவேம்புக் குடிநீரையே எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இரண்டு வைரசையும் அது அடக்குவதாகக் கண்டார்கள். நல்ல செய்தி. ஆனால் அங்கே பயன்படுத்தியது எத்தனால் சாறு. அண்டாவில் கொதிப்பது தண்ணீர். கண்ணாடித் தட்டில் உள்ள செல்லும் காவேரிராஜபுரத்துக் குழந்தையும் ஒன்றில்லை. தட்டில் வைரசைக் கொன்ற பொருட்களை வரிசைப்படுத்தினால் பாதிச் சமையலறை அதில் வந்துவிடும்.

பிளேட்லெட் கதை இன்னும் சிக்கல். நிலவேம்பு பிளேட்லெட்டை ஏற்றும் என்று ஊரே சொல்கிறது. ஆய்வகத்தில் ஆண்ட்ரோகிராபோலைடுக்குக் கண்டுபிடித்திருப்பதோ, பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவதைத் தடுக்கும் தன்மை. குடிநீரின் சில மில்லிகிராமுக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் வார்ஃபரின், கிளோபிடோக்ரல் போன்ற ரத்த உறைதலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி, நிலவேம்பு கேப்ஸ்யூலையும் சேர்த்து விழுங்கினால் அது விளையாட்டில்லை. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றோடும் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் மூலிகைக் குறிப்பிலேயே இருக்கிறது. முகாம் வரிசையில் கப்பை நீட்டுகிறவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அண்டா பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

கொரோனா வந்ததும் நிலவேம்பு கொஞ்சம் பின்னுக்குப் போய்க் கபசுரக் குடிநீர் முன்னுக்கு வந்தது. 2020 ஏப்ரலில் அரசு ‘ஆரோக்கியம்’ திட்டத்தில் அதைப் பரப்பியது. பதினைந்து சரக்கில் ஒன்றாக நிலவேம்பு அதிலும் இருக்கிறது. அதே காலத்தில் தாய்லாந்து இந்தச் செடியை ‘ஃபா தலாய் ஜோன்’ என்ற பெயரில் தேசிய மருந்தாகவே கொண்டாடியது. அங்கே நடந்த ஒரு சம்பவத்தை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லேசான கொரோனா நோயாளிகள் 57 பேரை எடுத்து 29 பேருக்கு நிலவேம்புச் சாறு கொடுத்தார்கள். 28 பேருக்குக் கொடுக்கவில்லை. சாறு சாப்பிட்டவர்களில் யாருக்கும் நிமோனியா வரவில்லை. மற்றவர்களில் மூன்று பேருக்கு வந்தது. வெற்றி என்று அறிவித்தார்கள். பிறகு புள்ளியியல் கணக்கைத் திரும்பப் போட்டதும், அந்த மூன்று பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று தெரிந்தது. 2021 ஆகஸ்டில் ஆய்வாளர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். யாரும் அவர்கள் மேல் போலீசில் புகார் கொடுக்கவில்லை.

செறிவு கூடக்கூட ஆபத்தும் எப்படிக் கூடுகிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்து பாஸ்டிர் பல்கலைக்கழகத்தில் எச்.ஐ.வி. உள்ள 13 பேருக்கும் ஆரோக்கியமான ஐந்து பேருக்கும் சுத்தமான ஆண்ட்ரோகிராபோலைடைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம், அப்புறம் பத்து, கடைசியில் இருபது என்பது திட்டம். ஆறாவது வாரத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கவிளைவுகள் வந்தன, ஒருவருக்கு உயிருக்கே உலை வைக்கக்கூடிய கடும் ஒவ்வாமை வந்தது. 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுபது கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு ஐந்து என்றாலே 300 மில்லிகிராம். நம் குவளையில் இருப்பது சில மில்லிகிராம் என்று மேலே பார்த்தோம்.

ஆஸ்திரேலியாவில் சளிக்கான மாத்திரைகளில் இந்தச் சாற்றை நிறையச் சேர்க்கிறார்கள். அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் புகார்களை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்து, நிலவேம்புக்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு உண்டு என்று முடிவு செய்தது. சுவை உணர்வு போய்விடுகிறது என்றும் பிற்பாடு எச்சரித்தது. சீனாவில் ஒரு படி மேலே போய் இதை ஊசி மருந்தாகவே ஆக்கியிருந்தார்கள். 2017-இல் நோயாளிகளுக்குக் குளிரும் நடுக்கமும் வந்ததால் அந்த ஊசி மருந்து ஒன்றை நிறுத்திவைத்துத் திரும்பப் பெற உத்தரவு போட்டது அந்நாட்டு அரசு.

ஆகவே “பாட்டி காலத்திலிருந்து குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்பது பாட்டி காய்ச்சிய குடிநீருக்குத்தான் பொருந்தும். ஆன்லைனில் வாங்கும் ‘எக்ஸ்ட்ராக்ட்’ கேப்ஸ்யூலுக்குப் பொருந்தாது. பாட்டி அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

கபசுரக் குடிநீரின் இன்னொரு சரக்கான சீந்தில் இதைவிடப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. வடக்கே கிலோய். கொரோனா நாட்களில் மும்பை மருத்துவர்கள், அதைத் தொடர்ந்து சாப்பிட்டுக் கல்லீரல் பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் 2021 ஜூலையில் அதைத் திசைதிருப்பும் ஆய்வு என்று மறுத்தது. சாப்பிட்டது உண்மையிலேயே சீந்தில்தானா, அதே சாயலில் இருக்கும் வேறு கொடியா என்று சோதிக்கவில்லை என்பது அமைச்சகத்தின் வாதம். நியாயமான கேள்விதான். அடுத்த ஆண்டே 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 நோயாளிகளை வைத்து அடுத்த கட்டுரையை வெளியிட்டன. அதில் பலருக்குத் தெரியாமலே ஏற்கெனவே கல்லீரல் கோளாறு இருந்தது, உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் தன்மையும் காணப்பட்டது. அமைச்சகத்தின் வாதம் சரி என்றே வைத்துக்கொண்டாலும் வாங்குகிறவருக்கு அதில் ஆறுதல் என்ன? கடையில் விற்கும் கொடி எந்தக் கொடி என்று மருத்துவர்களுக்கே சொல்ல முடியாதபோது, கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் வாங்குகிறவர் எப்படிச் சொல்வார்? உதிரியாக விற்கும் பொடியைவிட, உற்பத்தி உரிம எண், தேதி, சரக்குப் பட்டியல் அச்சிட்ட டாம்ப்கால், இம்ப்காப்ஸ் போன்ற நிறுவனங்களின் பாக்கெட்டுகள் மேல். குறைந்தபட்சம் கேள்வி கேட்க ஒரு விலாசம் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த மாவட்டத்தில் நிலவேம்பால் வரும் நிஜமான ஆபத்து நிலவேம்பில் இல்லை. அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் கழிந்துபோகும் நாட்களில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், ஒரே அறையில் ஆறு பேரோடு தங்குகிறவர், திருவள்ளூர்ப் பக்கம் சூளையில் செங்கல் அறுக்கிறவர் ஆகியோருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போனது. காய்ச்சல் வந்தால் காலையில் நிலவேம்பு, மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை, வேலைக்குப் போய்விடுவார். அந்த வலி மாத்திரை டைக்ளோபினாக்கோ இப்யூபுரூஃபனோ ஆஸ்பிரினோ ஆக இருந்தால், டெங்குவில் ரத்தக்கசிவை அது தூண்டிவிடும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது காய்ச்சலுக்குக் கொடுக்கலாம் என்பது பாராசிட்டமால் ஒன்றைத்தான், அதுவும் அளவோடு.

டெங்குவின் தந்திரம் என்னவென்றால் காய்ச்சல் அடிக்கும்போது ஆளைக் கொல்வதில்லை. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள், நிலவேம்பு வேலை செய்துவிட்டது என்பார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் விழத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை சோர்ந்து போய்த் தூங்கிக்கொண்டே இருப்பது அல்லது காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பது, கை கால் சில்லென்று ஆவது, சிறுநீர் குறைவது ஆகிய இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. அங்கே கொடுப்பது பெரும்பாலும் சலைன், அளந்து அளந்து. டெங்குவில் உயிரைக் காப்பாற்றுவது அந்த நேரத்தில் ஏறும் சலைன்தான். கையில் குடிநீர்க் குவளை இருந்தால் இருக்கட்டும், கூடவே கஞ்சியும் இளநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் போகட்டும். ஆனால் நாளை எண்ணுவதை நிறுத்தக் கூடாது.

நாளை எண்ணுவது வீட்டின் வேலை என்றால், கணக்கை எழுதி வைக்கிற பழக்கம் அரசுக்கு வேண்டும். 2012-லும் 2017-லும் எவ்வளவு பேர் வரிசையில் நின்று குடித்தார்கள். ஒரே ஒரு ஒன்றியத்தில், குடித்தவர், குடிக்காதவர் பெயரைத் தனித்தனியாகக் குறித்து, ஒரு மாதம் கழித்து யாருக்கு டெங்கு வந்தது, யாருக்கு அரிப்பு, வாந்தி வந்தது என்று ஆஷாப் பணியாளரோ கிராம சுகாதாரச் செவிலியரோ கேட்டு எழுதியிருந்தால், அந்த அக்டோபர்ச் சண்டைக்கே இடம் இருந்திருக்காது. சித்த, ஆயுர்வேத மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய ஒரு தேசியத் திட்டத்தை 2018-இல் ஆயுஷ் அமைச்சகம் கொண்டுவந்தது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம். கஷாயம் குடித்து உடம்பில் தடிப்பு வந்தால் அங்கே சொல்லலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாக ஒன்று, ஏனென்றால் திருவாலங்காடு, பழையனூர்ப் பக்க வயல்களில் காய்ச்சலைப் போலவே பாம்பும் மழைக்காலத்து விருந்தாளி. சிறியாநங்கை வாசலில் இருந்தால் பாம்பு அண்டாது என்று ஒரு நம்பிக்கை. கடிபட்டவருக்கு அதன் இலையை மெல்லக் கொடுப்பார்கள்; கசந்தால் விஷம் ஏறவில்லை, கசக்காவிட்டால் ஏறிவிட்டது என்று தீர்ப்பும் சொல்வார்கள். கசப்பை வைத்து நஞ்சை அளக்க முடியாது. கட்டுவிரியன் கடித்தால் முதல் ஓரிரு மணி நேரம் வலிகூட இருக்காது. நிலவேம்பு கசந்துகொண்டுதான் இருக்கும், அப்புறம் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இலையை மென்று பார்க்கும் நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். பாம்பைப் பற்றி இந்த மாவட்டத்தில் இருளரைவிட அதிகம் தெரிந்தவர்கள் இல்லை. அந்தச் சமூகத்தார் 1978-இல் தொடங்கிய பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலிருந்தும் நஞ்செடுத்து மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறது. அந்த நஞ்சிலிருந்து தயாராகும் முறிமருந்து ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம்.